சும்மா கிடந்த காணிக்கு விலை ஏற்றியது யார்?

எங்கள் கூட்டத்தில் ஒருத்தியின் ஊரில் ஓர் ஒழுங்கை இருக்கிறது. மாரியில் வெள்ளம், கோடையில் புழுதி. போன வருடம் அதற்குக் காப்பெற் போட்டார்கள். போட்டு இரண்டு கிழமைகூட ஆகவில்லை, ஒழுங்கைக் கரையில் பற்றை மண்டிக் கிடந்த ஒரு காணியில் பதாகை எழும்பியது: 'காப்பெற் வீதியோடு காணி விற்பனைக்கு.' பரப்பு விலையும் பழைய விலை இல்லை. காணிக்காரர் அந்தப் பற்றையில் ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. ஆள் வருடக்கணக்காக அந்தப் பக்கம் வந்ததும் இல்லை.

கன்டீனில் பிளேன்ரீயோடு இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. ஏறின அந்தக் காசு ஆருடையது? "காணி அவருடையது, அப்ப காசும் அவருடையதுதானே" என்றான் ஒருவன். "வீதி ஆற்ற காசில போட்டது? எங்கட வரிக்காசிலதானே" என்றாள் அவள். அன்றைக்கு முடிவு வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து வாசிக்கப் போனபோதுதான் தெரிந்தது, இதே சண்டையைப் பிரித்தானியா நூறு வருடத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று. அதற்காகச் சட்டங்கள் வந்தன, அடுத்த ஆட்சியில் போயின, மறுபடி வந்தன. கடைசியில் அங்கே நிலைத்தது புதிய கட்டடங்கள்மேல் விதிக்கும் ஓர் அறவீடு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் அல்ல நாங்கள். வரலாறு வாசிக்கிறவர்களாகத்தான் எழுதுகிறோம்.

1909: பிரபுக்கள் சபையை ஆட்டிய வரி

1909 ஏப்ரலில் பிரித்தானிய நிதியமைச்சர் டேவிட் லொயிட் ஜோர்ஜ் ஒரு வரவுசெலவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 'மக்கள் வரவுசெலவுத் திட்டம்' என்று அதற்குப் பெயர். முதியோர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் காசு தேவைப்பட்டது. அதைத் தேடும் வழிகளில் ஒன்றாக, காணியின் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தில் 20 வீதத்தை அரசு எடுக்கும் என்றார்.

இந்த யோசனைக்காக மேடை மேடையாகப் பேசியவர்களில் ஒருவர் வின்ஸ்ரன் சேர்ச்சில். அப்போது அவர் லிபரல் கட்சி அமைச்சர். அந்த வருடம் ஜூலையில் எடின்பரோவில் அவர் பேசியதன் சாரம், நாங்கள் ஒழுங்கைக் கதையில் கண்டதுதான். வீதியும் வெளிச்சமும் தண்ணீரும் மற்றவர்களின் உழைப்பிலும் செலவிலும் வருகின்றன, காணிக்காரரோ ஒன்றும் செய்யாமலே அதன் பலனைப் பெறுகிறார் என்றார். காணிக்காரர் கெட்டவர் என்று தான் சொல்லவில்லை, சட்டம்தான் கெட்டது என்றும் சொன்னார்.

பிரபுக்கள் சபையில் இருந்தவர்களில் பெரும் பகுதியினர் பெரும் காணிக்காரர்கள். 1909 நவம்பரில் அந்தச் சபை வரவுசெலவுத் திட்டத்தையே நிராகரித்தது. அடுத்த வருடம் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. வரி 1910 இல் சட்டமானது. 1911 இல் வந்த பாராளுமன்றச் சட்டம், பணச் சட்டமூலங்களைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரபுக்களிடமிருந்து பறித்தது. பிரித்தானிய அரசியலமைப்பு வரலாற்றில் நாங்கள் மனப்பாடம் செய்கிற ஒரு பெரிய திருப்பத்துக்குள் காணி விலைச் சண்டை ஒளிந்திருக்கிறது என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

வரி வென்றதா? இல்லை. ஏற்றத்தை அளக்க வேண்டுமென்றால் முதலில் இன்றைய விலை தெரிய வேண்டும். அதனால் நாட்டிலுள்ள ஒவ்வொரு காணியையும் மதிப்பிடப் புறப்பட்டார்கள். அந்த மதிப்பீட்டுப் புத்தகங்கள் இன்றும் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தங்கள் பரம்பரை வீட்டைத் தேடுகிறவர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். ஆனால் வசூலான காசைவிட மதிப்பீட்டுக்குப் போன செலவு அதிகம். வழக்குகள் வந்தன, உலகப் போர் வந்தது. 1920 இல் வரி நீக்கப்பட்டது. நீக்கிய அரசின் பிரதமர் யார் தெரியுமா? அதே லொயிட் ஜோர்ஜ். கூட்டணி அரசில் அவர் தங்கியிருந்தது பழமைவாதக் கட்சியின் ஆதரவில்.

அதே 1909 இல் வந்த வீடமைப்பு, நகரத் திட்டமிடல் சட்டத்திலும் இதே எண்ணம் இருந்தது. நகரசபையின் திட்டத்தால் ஒரு காணியின் விலை ஏறினால் ஏற்றத்தில் பாதியை நகரசபை கேட்கலாம் என்றது அது. 1932 இல் அது 75 வீதம் ஆக்கப்பட்டது. ஆனால் நடைமுறையில் அறவிடப்பட்டது மிக அரிது. "என் காணிக்கு விலை ஏறியது உங்கள் திட்டத்தாலா, அல்லது ஊரே வளர்ந்ததாலா, நிரூபியுங்கள்" என்று காணிக்காரர் கேட்டால் நகரசபையிடம் பதில் இருக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, காணி விலை எப்படி வருகிறது என்று பார்ப்போம். இது விளங்கினால் மிச்சக் கதை எல்லாம் தானாக விளங்கும்.

உதாரணத்துக்கு, ஒரு கம்பனி ஒரு காணியில் ஒரு வீடு கட்டி 100 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைப்போம். கட்டுகிற செலவு 60 இலட்சம். கம்பனி எதிர்பார்க்கும் இலாபம் 15 இலட்சம். அப்போது காணிக்கு ஆகக்கூடியதாக எவ்வளவு கொடுக்கலாம்? மிச்சம் 25 இலட்சம். காணி விலை என்பது பெரும்பாலும் இப்படி மிஞ்சுகிற காசுதான். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டேவிட் ரிக்கார்டோ சொன்ன குத்தகைக் கோட்பாட்டின் சாரமும் இதுவே.

இப்போது நகரசபை, வீதிக்கும் பாடசாலைக்கும் வீட்டுக்கு 10 இலட்சம் தர வேண்டும் என்கிறது. அந்தப் 10 இலட்சம் யாருடைய சட்டைப்பையிலிருந்து போகும்? கம்பனி காணி வாங்குவதற்கு முன்பே கட்டணம் தெரிந்திருந்தால், அது காணிக்கு 25 தராது, 15 தான் தரும். கட்டணத்தைச் சுமப்பவர் காணிக்காரர். காணி வாங்கிய பிறகு கட்டணம் வந்தால் கம்பனி தலையில் விழும். கம்பனி அதை வீடு வாங்குபவர் தலையில் போடப் பார்க்கும், அல்லது வீட்டைக் கட்டாமலே விடும். ஒரே கட்டணம்தான். எப்போது சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சுமப்பவர் மாறுகிறார்.

இன்னொன்றும் உண்டு. காணிக்காரர் 15 இலட்சத்துக்கு விற்கச் சம்மதிக்க வேண்டும். "அடுத்த தேர்தலில் ஆட்சி மாறும், இந்தக் கட்டணம் போய்விடும், அப்போது 25 கிடைக்கும்" என்று அவர் நினைத்தால் விற்கமாட்டார். காணி அழுகாது. காத்திருப்பது அவருக்குப் பெரிய நட்டமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

1947: நூறு வீதமும் அரசுக்கு

இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுகளால் சிதைந்தது. திரும்பக் கட்டும்போது யாருடைய காணி விலை ஏறும், யாருடையது இறங்கும் என்ற கேள்விக்காக ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. நீதிபதி உத்வொட் தலைமையிலான அந்தக் குழு 1942 இல் அறிக்கை தந்தது. அதில் எங்களுக்குப் பிடித்த ஓர் அவதானம் இருக்கிறது. நகரத்தைச் சுற்றி நூறு காணிகள் இருக்கின்றன, அடுத்த சில வருடத்தில் பத்துக் காணிகளில்தான் வீடு வரப்போகிறது என்று வைப்போம். ஆனால் நூறு பேருமே 'அந்தப் பத்தில் என்னுடையது ஒன்று' என்று நினைத்து விலை சொல்வார்கள். எல்லா எதிர்பார்ப்பையும் கூட்டினால் உண்மையான பெறுமதியைவிடப் பல மடங்கு வரும். இதை 'மிதக்கும் பெறுமதி' என்றது குழு. அதாவது விலையின் ஒரு பகுதி வெறும் ஆசை.

1945 இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, 1947 இல் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தை நிறைவேற்றியது. அமைச்சர் லூயிஸ் சில்கின். 1948 ஜூலை 1 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து காணி உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அதில் புதிதாகக் கட்டும் உரிமை அரசுடையது. கட்ட அனுமதி வேண்டும். அனுமதியால் காணியின் பெறுமதி எவ்வளவு ஏறுகிறதோ அந்த ஏற்றம் முழுவதையும், நூறு வீதத்தையும், 'அபிவிருத்திக் கட்டணம்' என்று அரசுக்குக் கட்ட வேண்டும். பழைய எதிர்பார்ப்பை இழந்தவர்களுக்கு நட்டஈடாக 300 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது.

இங்கே எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. போர்க்காலத்தில் லண்டனுக்குத் திட்டம் வரைந்தவர் பற்றிக் அபர்குரொம்பி. அதே அபர்குரொம்பிதான் 1940 களின் கடைசியில் கொழும்புப் பிராந்தியத்துக்கும் திட்டம் வரைந்தார். இலங்கையின் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் 1946 இல் வந்தது. நாங்கள் இன்று 'பிளான் பாஸ் பண்ணுதல்' என்று அலைகிற வேலைக்கும் இந்தக் கதைக்கும் ஒரே தலைமுறை.

ஆனால் சில்கினின் நூறு வீதம் ஓடவில்லை. ஏற்றம் முழுவதும் அரசுக்குப் போகிறது என்றால் காணிக்காரர் ஏன் விற்க வேண்டும்? வயல் விலைக்கு விற்க யாரும் முன்வரவில்லை. வீடு கட்ட அவசரப்பட்டவர்கள் காணிக்காரருக்குப் பழையபடி கூடிய விலையும் கொடுத்து, அரசுக்குக் கட்டணமும் கட்டினார்கள். காணிக்காரரிடமிருந்து எடுக்க வந்த கட்டணம் கடைசியில் வீடு தேடியவர் தலையில் விழுந்தது. எதிர்க்கட்சியாயிருந்த பழமைவாதக் கட்சியும் இந்தக் கட்டணத்தை எதிர்த்தது. ஆகவே காத்திருந்தவர்கள் புத்திசாலிகள் ஆனார்கள். 1951 இல் ஆட்சி மாறியது. வருடம் 300,000 வீடு கட்டுவோம் என்று சொல்லி வந்தவர்கள், வீடமைப்பு அமைச்சர் ஹரல்ட் மக்மிலனின் கையால் 1953 இல் கட்டணத்தை ஒழித்தார்கள். அந்த அரசின் பிரதமர், 1909 இல் எடின்பரோ மேடையில் நின்ற அதே சேர்ச்சில்.

லொயிட் ஜோர்ஜ் தான் கொண்டுவந்ததைத் தானே புதைத்தார். சேர்ச்சில் தான் முழங்கியதைத் தானே புதைத்தார். இதை வெறும் அரசியல் துரோகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் சட்டத்தின் வடிவத்திலேயே பிழை இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு மோசமான பின்விளைவும் இருந்தது. கட்டணம் போன பிறகும், அரசு கட்டாயமாக எடுக்கும் காணிக்குப் பழைய குறைந்த விலையே கொடுக்கப்பட்டது. தனியாருக்கு விற்றால் ஒரு விலை, நகரசபை எடுத்தால் இன்னொரு விலை. லண்டனுக்குக் கிழக்கே ரொம்போர்ட்டில் ஒருவர் தன் வீட்டுக்குப் பக்கத்துத் துண்டைக் கடன்பட்டு 400 பவுணுக்கு வாங்கியிருந்தார். நகரசபை அதை எடுத்துக்கொண்டு கொடுத்தது 65 பவுண். 1954 இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாடு கொந்தளித்தது. 1959 இல் வந்த சட்டம், அரசும் சந்தை விலையே கொடுக்க வேண்டும் என்றாக்கியது. பெரும் காணிக்காரரைக் குறிவைத்த ஏற்பாடு ஒன்று, கடன்பட்டுச் சின்னத் துண்டு வாங்கிய ஒருவர்மேல் விழுந்தது. பொதுநலன் என்று எழுதும்போது எங்களுக்கு இந்த மனிதரையும் மறக்க முடியவில்லை.

காத்திருந்தவர்கள் வென்றார்கள்

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏனென்றால் அது ஒரே கதைதான், திரும்பத் திரும்ப.

1967 இல் ஹரல்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு காணி ஆணைக்குழுவை அமைத்து 40 வீத மேம்பாட்டு அறவீட்டைக் கொண்டுவந்தது. 1970 இல் வந்த பழமைவாதக் கட்சி அரசு அதை நீக்கி, அடுத்த வருடம் ஆணைக்குழுவையும் கலைத்தது. 1976 இல் தொழிற்கட்சி அபிவிருத்திக் காணி வரியைக் கொண்டுவந்தது. உச்ச வீதம் 80. மார்கரெட் தட்சர் அரசு அதை 60 ஆகக் குறைத்தது, 1985 இல் முற்றாக நீக்கியது.

மூன்று முறை பார்த்துவிட்ட காணிக்காரருக்குப் பாடம் தெளிவு: கொஞ்சம் பொறு, போய்விடும். ஓர் அறவீடு நல்லதா கெட்டதா என்பதைவிட, அது பத்து வருடத்துக்குப் பிறகும் இருக்குமா என்பதுதான் அதன் பலத்தைத் தீர்மானித்தது.

இதற்கு நடுவே சத்தமில்லாமல் வேலை செய்த ஒரு வழியும் இருந்தது. 1946 இன் புதிய நகரங்கள் சட்டம். அரசு நிறுவிய கூட்டுத்தாபனங்கள் காணியைக் குறைந்த விலைக்கு முதலே வாங்கி, வீதி, தண்ணீர், பாடசாலை எல்லாம் போட்டு, ஏறிய பெறுமதியைத் தாங்களே வைத்துக்கொண்டன. முதல் நகரம் ஸ்டீவனேஜ். இங்கே ஏற்றத்தை அளந்து யாரிடமும் அறவிட வேண்டியிருக்கவில்லை. காணி பொதுமக்களுடையது, ஏற்றமும் அவர்களுடையது. ஆனால் 1959 க்குப் பிறகு காணியைக் குறைந்த விலைக்கு வாங்குவது கடினமானது. அந்தக் கதவும் மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது.

பேரம் பேசும் காலம்

வரி இல்லை. ஆனால் புதுக் குடியிருப்பு வந்தால் வீதி வேண்டும், பாடசாலை வேண்டும். நகரசபைகளிடம் காசும் இல்லை. அப்போது அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: 1947 சட்டத்தில் தப்பிப் பிழைத்த அனுமதி அதிகாரம். "அனுமதி தருகிறோம், நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். 1990 சட்டத்தின் 106 ஆம் பிரிவு இதற்கு இன்றைய சட்ட வடிவம். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி ஒப்பந்தம். ஒரு சந்தியைத் திருத்தித் தா, ஒரு விளையாட்டு மைதானம் போட்டுத் தா, இத்தனை வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கித் தா.

வரிகள் தோற்ற இடத்தில் இந்தப் பேரம் நிலைத்தது. ஏன்? கண்ணுக்குத் தெரிகிற பொருள் கிடைக்கிறது. கம்பனிக்கும் தன் கட்டடத்துக்கு முன்னால் நல்ல வீதி வருவது வசதி. எந்த ஆட்சி வந்தாலும் அதை நீக்க அவசரப்படவில்லை.

ஆனால் பேரத்தில் வெல்பவர் யார்? கணக்குத் தெரிந்தவர். இங்கேதான் ஒரு சொல் இடம் மாறுவதை நாங்கள் கவனித்தோம். 'கட்டுபடியான வீடு' என்றால் சாதாரண சம்பளக்காரருக்குக் கட்டுபடியான வீடு. ஆனால் பேரத்தில் கம்பனி வேறொரு கட்டுபடிக் கணக்கோடு வரும். இவ்வளவு வீட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் திட்டம் எங்களுக்குக் கட்டுபடியாகாது என்று பக்கம் பக்கமாக அறிக்கை தரும். அதில் காணிக்குக் கொடுத்த கூடிய விலையும் செலவாக எழுதப்படும். எங்கள் சின்னக் கணக்கை நினைத்துப் பாருங்கள். காணி விலை குறைய வேண்டிய இடத்தில் அது குறையாமல் நிற்க, பொதுமக்களுக்குரிய பங்கு குறைகிறது.

தென் லண்டனில் ஹேகேட் என்ற மாநகரக் குடியிருப்பு இருந்தது. 1974 இல் கட்டி முடித்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். அதை இடித்துப் புதிதாகக் கட்ட 2013 இல் கிடைத்த அனுமதியில், சுமார் 2,500 வீடுகளில் சமூக வாடகை வீடுகள் நூறைக்கூட எட்டவில்லை. ஏன் அவ்வளவுதான் முடியும் என்று காட்டிய கணக்கு இரகசியமாக வைக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் தகவல் உரிமைத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் அதை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் போராட்டமும் அதைப்போன்ற மற்றவையும் கொடுத்த அழுத்தத்தில், இப்படிப்பட்ட கணக்குகள் பகிரங்கமாக இருக்க வேண்டும் என்பது பின்னர் இங்கிலாந்தில் பொது விதியானது.

விலைப்பட்டியலும் ரயிலும்

பேரத்தின் குறையைத் தீர்க்க 2008 இன் திட்டமிடல் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. 2010 ஏப்ரலிலிருந்து ஒரு நகரசபை விரும்பினால் 'சமூக உட்கட்டமைப்பு அறவீடு' விதிக்கலாம். புதிதாகக் கூடும் தளப்பரப்பில் சதுர மீற்றருக்கு இவ்வளவு பவுண் என்று முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும். சுயாதீனப் பரிசோதகர் ஒருவர் அதைப் பார்ப்பார். பிறகு பேரம் இல்லை. வசூலில் 15 வீதம் கட்டடம் வந்த அந்த ஊருக்கே போக வேண்டும், ஊர் தானே ஒரு திட்டம் வகுத்திருந்தால் 25 வீதம். காணி ஏற்றத்தை அளக்கவும் வேண்டாம், யாரால் ஏறியது என்று வழக்காடவும் வேண்டாம். அளவுநாடா போதும்.

லண்டன் மாநகர முதல்வரும் 2012 ஏப்ரலிலிருந்து இதை விதித்தார். நகரத்தைக் கிழக்கு மேற்காகக் குறுக்கறுக்கும் குரொஸ்றெயில் ரயில் பாதைக்காக, பகுதியைப் பொறுத்துச் சதுர மீற்றருக்கு 50, 35, 20 பவுண் என்று மூன்று வீதங்கள். இலக்கு 300 மில்லியன் பவுண். 2022 மே 24 ஆம் திகதி எலிசபெத் லைன் என்ற பெயரில் அந்தப் பாதை திறக்கப்பட்டபோது மொத்தச் செலவு 19 பில்லியனை நெருங்கியிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 300 மில்லியன் சின்னக் காசுதான். பெரிய நிறுவனக் கட்டடங்கள்மேல் போட்ட மேலதிக வரியும், பயணிகளின் கட்டணமும், அரசின் காசும்தான் பெரும் பங்கைச் சுமந்தன.

ஆனால் எங்களை உறுத்தியது வேறொன்று. 1999 இல் ஜுபிலி லைன் சுரங்க ரயில் நீட்டப்பட்டது, செலவு சுமார் 3.5 பில்லியன் பவுண். அந்தப் பாதை ஓரத்தில் தானே கட்டடங்கள் வைத்திருந்த டொன் ரைலி என்பவர், நிலையங்களைச் சுற்றிக் காணி விலை 13 பில்லியன் பவுண் ஏறியது என்று 2001 இல் மதிப்பிட்டு எழுதினார். அந்தத் தொகை கூடுதலானது என்று விவாதித்தவர்கள் உண்டு. பிந்திய ஓர் ஆய்வு, இரண்டு நிலையங்களைச் சுற்றி மட்டும் ஏற்றத்தை 2.8 பில்லியன் என்றது. எந்தத் தொகையை எடுத்தாலும், ஏறிய பெறுமதியின் பெரும் பகுதி ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களில் இருந்தது. புதுக் கட்டடம்மேல் போடும் அறவீடு அதைத் தொடுவதே இல்லை. ரயில் வருவதற்கு முன்பே அங்கே வீடு வைத்திருந்தவர் ஒன்றும் கட்டமாட்டார். ரயில் வந்த பிறகு வாடகைக்கு வருகிற இளம் ஆள், கூடிய வாடகையாகக் கட்டுவார். அந்த வாடகை ரயிலுக்குப் போகாது.

பற்றர்சீ

கடைசியாக ஓர் இடம். தேம்ஸ் நதிக்கரையில் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு நிற்கும் பற்றர்சீ மின்நிலையம். பிங்க் புளொய்ட் குழுவின் 1977 இசைத்தட்டு அட்டையில், புகைபோக்கிகளுக்கு நடுவே பறக்கும் பன்றியோடு, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1983 இல் மூடப்பட்டு, கைமாறிக் கைமாறி முப்பது வருடம் சும்மா கிடந்தது. ரயில் இல்லாமல் அங்கே எதுவும் எடுபடாது என்று எல்லோருக்கும் தெரியும். 2012 இல் மலேசிய முதலீட்டாளர் கூட்டு ஒன்று அதை வாங்கியது.

நோர்தேர்ண் லைன் சுரங்க ரயிலை அங்கே நீட்ட முடிவானது. மாநகரம் ஒரு பில்லியன் பவுண் வரை கடன் எடுத்தது. அந்தப் பகுதியில் எழும் புதிய கட்டடங்களின் பங்களிப்புகளும், அங்கே வரப்போகும் நிறுவனங்களின் வரி அதிகரிப்பும் கடனை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2021 செப்ரெம்பர் 20 ஆம் திகதி இரண்டு புதிய நிலையங்கள் திறந்தன. புதிய அபிவிருத்தி தன் ரயிலுக்குத் தானே செலவழிக்கும் என்ற எண்ணம், இவ்வளவு நேரடியாக நிறைவேறிய இடங்கள் குறைவு. இது ஒரு வெற்றி. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் மின்நிலையத் திட்டத்தில் முதலில் ஒப்புக்கொண்ட கட்டுபடியான வீடுகள் 636. நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளில் அது 15 வீதம். 2017 இல், செலவு கூடிவிட்டது என்று சொல்லி அதை 386 ஆகக் குறைக்கக் கேட்டார்கள். நகரசபை சம்மதித்தது. 9 வீதம். ரயிலும் அந்த வீடுகளும் ஒரே மிச்சக் காசிலிருந்து வரவேண்டியவை. ஒன்று ஒப்பந்தத்தில் இறுகக் கட்டப்பட்டிருந்தது, மற்றது மறுபடி பேசக்கூடியதாக இருந்தது. எது குறையும் என்று கேட்கவும் வேண்டுமா?

நாங்கள் எடுத்துக்கொண்டது

2023 இல் பழமைவாதக் கட்சி அரசு இன்னொரு புதிய உட்கட்டமைப்பு அறவீட்டைச் சட்டமாக்கியது. 2024 இல் வந்த தொழிற்கட்சி அரசு அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்றது. இந்த முறை கட்சிகள் இடம் மாறிவிட்டன, மற்றப்படி பழைய கதைதான்.

அறவீடே வேண்டாம் என்பது எங்கள் முடிவல்ல. வீதியும் வடிகாலும் ரயிலும் வானத்திலிருந்து விழுவதில்லை, அவற்றால் ஏறும் பெறுமதியில் ஒரு பங்கு அவற்றுக்கே திரும்பி வருவது நியாயம். ஆனால் நூறு வருடக் கதை சில கேள்விகளைக் கையில் தந்திருக்கிறது. எந்த நாட்டில் இப்படியொரு திட்டம் வந்தாலும் கேட்கலாம். காணி கைமாறும் முன்பே கட்டணம் எல்லோருக்கும் தெரியுமா? ஆட்சி மாறினாலும் அது நிற்குமா? கட்டுபடியாகாது என்று சொல்பவரின் கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறதா? புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் எடுத்துவிட்டு, சும்மா இருந்து பலன் பெற்ற பழையவர்களை விட்டுவிடுகிறதா? ரொம்போர்ட்டில் துண்டுக் காணி வைத்திருந்தவரைப் போன்ற ஒருவரை நசுக்குகிறதா?

நாலாவது கேள்வி எங்கள் வயதுக்காரருக்கு மிக முக்கியம். ஏனென்றால் எந்த நகரத்திலும் புதிதாக வருகிறவர்கள் நாங்கள்தான். அறை தேடி, வாடகைக்கு அலைந்து, எப்போதாவது ஒரு வீடு வாங்கலாமா என்று யோசிக்கப் போகிறவர்களும் நாங்கள்தான். 'புதிய கட்டடம்மேல் கட்டணம்' என்று கேட்கும்போது அது ஏதோ பெரிய கம்பனிக்கு என்று நினைக்கத் தோன்றும். காணி விலையிலிருந்து அது எடுக்கப்படாவிட்டால், கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் சட்டைப்பை.

இதை எழுதி முடித்த பிறகு அவளிடம் கேட்டோம், அந்தப் பற்றைக் காணி என்னாச்சு என்று. பதாகையைக் கழற்றிவிட்டார்களாம். விற்றுப்போச்சா என்றால், இல்லை. பிரதான வீதியையும் அகலிக்கப் போகிறார்கள் என்று கதை அடிபடுகிறதாம். காணிக்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறாராம்.